செவிலியர்கள் "தயார்" என்று எழுதுவதும் அலாரத்தை அடக்குவதும்

முதுநிலைச் செவிலியப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. செயற்கை நுண்ணறிவைத் தம் பணியில் ஏற்கச் செவிலியர்கள் எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறார்கள் என்பதை அவர் தம் ஆய்வுக்காக அளக்க முயல்கிறார். முன்னோட்டமாகக் கொடுத்த வினாத்தாளில் பெரும்பாலோர் சாதகமாகவே விடையளித்திருக்கிறார்கள். ஆனால் அதே மருத்துவமனையில், நோயாளியின் நிலை மோசமாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் என்று நிறுவப்பட்ட எச்சரிக்கைக் கருவியின் ஒலியை, அதே செவிலியர்கள் அடக்கி வைத்துவிட்டு வேலை பார்க்கிறார்கள். இவற்றில் எதை நம்புவது, பயிற்சி கொடுத்தால் இந்தத் தயக்கம் போய்விடுமா என்று கேட்கிறார்.

இரண்டையும் நம்பலாம், ஏனெனில் அவை இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். வினாத்தாள் கேட்டது செயற்கை நுண்ணறிவு என்ற பொதுவான ஒன்றைப் பற்றி. அலாரத்தை அடக்கிய விரல் விடை சொன்னதோ, குறிப்பிட்ட ஒரு படுக்கையின் தலைமாட்டில் இருக்கும் குறிப்பிட்ட ஒரு கருவி, நேற்று இரவு தமக்கு உதவியதா உபத்திரவம் கொடுத்ததா என்பதைப் பற்றி. தயார்நிலையைச் செவிலியரின் மனத்துக்குள் கூடியோ குறைந்தோ கிடக்கும் ஒரு குணமாக எடுத்துக்கொண்டு, பயிற்சி வகுப்பால் அதை ஏற்றிவிடலாம் என்று கருதுவதில்தான் இந்தத் துறையின் ஆய்வுகள் பல வழுக்கிவிடுகின்றன. வார்டிலும் வகுப்பறையிலுமாக நீண்ட காலம் கழித்தவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, அது செவிலியர் தம் பணியிடத்தைப் பற்றி வழங்கும் தீர்ப்பு என்பதே. இந்தக் கருவி சொல்வது சரியாக இருக்குமா, என் வேலையைக் குறைக்குமா, அது தவறும்போது கையைக் கட்டி நிற்கப்போவது யார் என்ற மூன்றையும் எடைபோட்டுச் சொல்லப்படும் தீர்ப்பு அது.

உங்கள் வினாத்தாளுக்குப் பின்னால் இருக்கும் அளவுகோல்களின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். தொழில்நுட்ப ஏற்பு பற்றி இன்று எழுதப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட மாதிரியில்தான் வேர் கொண்டிருக்கின்றன. ஒரு கருவி பயன்படும் என்று ஒருவர் எண்ணுவதும், அதைக் கையாள்வது எளிது என்று எண்ணுவதும் சேர்ந்து அவர் அதை ஏற்பதைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் உள்ளடக்கம். அந்த மாதிரியைச் சோதித்தவர்களில் ஒரு பகுதியினர் டொராண்டோவில் ஐபிஎம் ஆய்வகத்தின் ஊழியர்கள், அவர்கள் பயன்படுத்தியவை மின்னஞ்சலும் கோப்புகளைத் திருத்தும் மென்பொருளும். மின்னஞ்சல் தவறினால் மறுபடியும் அனுப்பலாம், அதற்காக யாருக்கும் மெமோ வராது. 2003இல் வெங்கடேஷும் அவரோடு சேர்ந்தவர்களும் பல மாதிரிகளை ஒன்றாக்கியபோது, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பையும் நிறுவனம் தரும் வசதிகளையும் சேர்த்தார்கள், பயன்பாடு விருப்பத்தின் பேரிலா கட்டாயத்தின் பேரிலா என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். இந்தக் கடைசி அம்சம் நம் ஊர் ஆய்வுகளில் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவமனை வாங்கி மாட்டிய கருவியை வேண்டாம் என்று சொல்ல உரிமையே இல்லாத ஒருவரிடம், இதைப் பயன்படுத்தும் எண்ணம் உண்டா என்று ஐந்து புள்ளி அளவில் கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது?

2000ஆம் ஆண்டில் பரசுராமன் உருவாக்கிய தொழில்நுட்பத் தயார்நிலைக் குறியீடு இதைவிடக் கொஞ்சம் நேர்மையானது என்பது என் கருத்து. நம்பிக்கையுணர்வும் புதுமை நாட்டமும் ஒரு பக்கம், அசௌகரியமும் பாதுகாப்பின்மையும் மறுபக்கம் என்று அது பிரிக்கிறது, ஒரே மனிதருக்குள் இரண்டு பக்கமும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. 2021இல் துருக்கியில் மருத்துவ மாணவர்களுக்காக 22 கூற்றுகளோடு உருவான தயார்நிலை அளவுகோலையும் இப்போது பலர் செவிலியர்களுக்கு எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அறிவு, திறன், தொலைநோக்கு, அறநெறி என்ற நான்கு பகுதிகளில் எதுவுமே, நள்ளிரவில் பதினெட்டு நோயாளிகளைத் தனியாகப் பார்க்கும் ஒருவருக்கு அந்தக் கருவியின் பேச்சைக் கேட்க நேரம் இருக்குமா என்று கேட்பதில்லை. மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது அது, கேட்காததில் அதன் குற்றம் ஒன்றும் இல்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தமிழில் "தயார்" என்றால் ஆயத்தமாக இருக்கிறேன் என்றும் பொருள், எனக்குச் சம்மதம் என்றும் பொருள். முறையாகக் கற்றுக்கொள்ளாத ஒருவர் சம்மதம் என்ற பொருளில் "தயார்" என்று டிக் அடிப்பார். எல்லாம் கற்றிருந்தும் அந்தக் கருவியில் உடன்பாடு இல்லாத ஒருவர் ஆயத்தம் என்ற பொருளில் அதே கட்டத்தில் டிக் அடிப்பார். "நம்பிக்கை" என்ற சொல் இன்னும் மோசம். கருவி சொல்வது சரியாக இருக்கும் என்பதும் நம்பிக்கைதான், நாளைக்கு நல்லது நடக்கும் என்று ஏங்குவதும் நம்பிக்கைதான். முன்னோட்டத்தில் உங்களுக்கு வந்த உயர்ந்த மதிப்பெண்களில் ஒரு பங்கு இந்த இரண்டு சொற்களின் கொடையாக இருக்கலாம். தமிழாக்கத்தை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப மொழிபெயர்க்கச் செய்தால் மட்டும் இது பிடிபடாது. நான்கைந்து செவிலியர்களை உட்காரவைத்து, இந்தக் கேள்வியை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும்.

இனி, செவிலியர்கள் இயல்பாகவே புதிய கருவிக்கு எதிரானவர்கள், அதிலும் மூத்தவர்கள் எதையும் மாற்ற விடமாட்டார்கள் என்ற பேச்சைப் பற்றி. இது நிர்வாகக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழுவது, எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் குளுக்கோமீட்டரையும் சிரிஞ்சு பம்பையும் கையில் எடுத்துக்கொள்ள எந்த மூத்த சிஸ்டரும் தயங்கிப் பார்த்ததில்லை. நகத்தின் நிறத்தைப் பார்த்து ஆக்சிஜன் குறைவதை ஊகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஆக்சிமீட்டர் ஒரு வரமாக வந்தது. போட்ட நொடியிலேயே விடை வந்தது, அந்த விடை தவறா சரியா என்பதை நோயாளியின் முகத்தைப் பார்த்தே சரிபார்க்கவும் முடிந்தது. செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கையில் இந்த இரண்டும் இல்லை. ஆறு மணி நேரம் கழித்து என்ன நடக்கும் என்று அது சொல்கிறது, ஏன் அப்படிச் சொல்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

அப்படிச் சொல்லப்படுவது எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு நன்கு ஆராயப்பட்ட ஒரு சான்று உண்டு. தொற்று உடலெங்கும் பரவி உறுப்புகளைக் குலைக்கும் செப்சிஸை முன்கூட்டிக் கண்டுபிடிப்பதற்காக, மின்னணு மருத்துவப் பதிவேடுகளை விற்கும் அமெரிக்க நிறுவனமான எபிக் ஒரு கணிப்பு மாதிரியை உருவாக்கியது, நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தின. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் தம்மிடம் நிகழ்ந்த 38,455 உள்நோயாளிச் சேர்க்கைகளின் பதிவுகளை வைத்து அதைச் சோதித்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரை அந்த மாதிரி கண்டுகொள்ளவில்லை. அதே வேளையில் சேர்ந்தவர்களில் 18 விழுக்காட்டினர் மீது எச்சரிக்கை எழுப்பியது. எச்சரிக்கை வந்தவர்களில் உண்மையிலேயே செப்சிஸ் இருந்தது ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குத்தான்.

இந்தக் கணக்கை முப்பது படுக்கை கொண்ட ஒரு வார்டுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்தாறு பேர் மீது எச்சரிக்கை எழும். அவர்களில் ஒருவருக்குக்கூட நோய் இல்லாமல் போகும் நாட்கள் பல இருக்கும். நோய் உள்ள ஒருவர் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் அடுத்த வரிசையில் படுத்திருக்கக்கூடும். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் நோயாளியைப் போய்ப் பார்த்து, நாடி, ரத்த அழுத்தம் போன்ற வைட்டல்ஸ் எடுத்து, டியூட்டி டாக்டரை அழைத்து, ரத்தம் எடுத்து, அதை எழுதியும் வைக்க வேண்டும் என்றால், அந்த நேரம் யாரிடமிருந்து எடுக்கப்படும்? எச்சரிக்கை எழாத அந்த நோயாளியிடமிருந்துதான். இரண்டு வாரம் இந்தக் கருவியோடு வேலை பார்த்த ஒரு செவிலியர் ஒலியை அடக்கினால், அவருக்குத் தயார்நிலை குறைவு என்று நான் எழுதமாட்டேன். அவர் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தைக் கணக்குப் போடாமலே கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் எழுதுவேன்.

கலிபோர்னியாவில் ஒரு புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியரின் அனுபவம் 2023இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் விரிவாக வந்தது. ரத்தப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செப்சிஸ் என்று எச்சரிக்கை எழுந்தது. அந்த நோயில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை தானாகவே ஏறும், அந்த ஏற்றத்தை மாதிரி தொற்றின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அந்தச் செவிலியருக்குத் தெரியும். ஆனாலும் மருத்துவமனையின் நெறிமுறைப்படி ரத்தம் எடுத்தாக வேண்டும். கருவியை அவர் நம்பவில்லை, கருவிக்குக் கீழ்ப்படிந்தார். உங்கள் வினாத்தாள் இந்த நிலையை எந்தக் கட்டத்தில் குறிக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அலாரத்தின் வரலாறு இதைவிடப் பழையது. செயற்கை நுண்ணறிவு வார்டுக்குள் வருவதற்கு முன்பே, மானிட்டர் அலாரங்களில் 85 முதல் 99 விழுக்காடு வரை எந்தச் சிகிச்சை நடவடிக்கையும் தேவைப்படாதவை என்ற மதிப்பீட்டை அமெரிக்காவின் மருத்துவமனைத் தர அங்கீகார அமைப்பான ஜாயிண்ட் கமிஷன் 2013இல் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பில் காணலாம். 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அதற்குத் தெரிவிக்கப்பட்ட அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகளில் 80 மரணத்தில் முடிந்தன. பொய் அலாரம் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனதும் அந்த இறப்புகளுக்குப் பின்னால் இருந்த காரணங்களில் ஒன்று. ஏற்கெனவே மரத்துப்போன காதுகளின் மேல் இன்னொரு மணியைக் கட்டிவிட்டு, ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் செவிலியர்கள் விரும்பி ஏற்ற கருவிகளும் உண்டு, அவை ஏன் ஏற்கப்பட்டன என்பதில்தான் உங்கள் ஆய்வுக்கான விடை இருக்கிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாரா ரோசெட்டி என்ற செவிலிய ஆய்வாளரின் தலைமையில் உருவான ‘கன்சர்ன்’ என்ற முன்னெச்சரிக்கை முறை என்னை மிகவும் கவர்ந்தது. மற்ற முறைகள் ரத்த அழுத்தம் இவ்வளவு, நாடித்துடிப்பு இவ்வளவு என்று எண்களைப் பார்க்கும்போது, இது செவிலியரின் நடத்தையைப் பார்க்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வைட்டல்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கும் நோயாளிக்கு ஒரு செவிலியர் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால், இரவில் வழக்கத்தை மீறிக் குறிப்பு எழுதினால், கொடுக்க வேண்டிய மருந்தைக் காரணத்தோடு நிறுத்தி வைத்தால், அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது என்று பொருள். எண்கள் இன்னும் மாறியிருக்காது. "சார், பேஷண்ட் பார்க்க நல்லா இல்லை" என்று சொல்வதைத் தவிர அவரிடம் வேறு ஆதாரமும் இருக்காது. அந்தக் கவலையை இந்த முறை மதிப்பெண்ணாக்கி மருத்துவக் குழு முழுவதும் பார்க்கும்படி வைக்கிறது. இரண்டு மருத்துவமனைக் குழுமங்களின் 74 பிரிவுகளில், 60,000க்கும் மேற்பட்ட உள்நோயாளிச் சேர்க்கைகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2025இல் வெளியானது. இந்த முறை இருந்த பிரிவுகளில் இறப்பு அபாயம் 35 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது, மருத்துவமனையில் தங்கும் காலம் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்திருந்தது. திடீரென ஐசியூவுக்கு மாற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையோ கால் பங்கு கூடியிருந்தது. நிலைமை முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டதால் வந்த கூடுதல் அது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இரவுப் பணியில் டாக்டரை எழுப்பி, எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஆனாலும் வந்து பாருங்கள் என்று சொல்லி வசவு வாங்கிய எந்தச் செவிலியருக்கும் இந்தக் கருவியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. அவருடைய உள்ளுணர்வுக்கு அது சாட்சி சொல்ல வருகிறது, அவரை மேய்க்க வரவில்லை. செவிலியரின் கவலை வெறும் பதற்றம் அல்ல என்பதை நெதர்லாந்தில் கூஸ்கே டவ் தம் ஆய்வுகளில் முன்பே காட்டியிருந்தார். மூச்சு விடும் விதம் மாறுவது, உடல் சில்லிடுவது, நோயாளி தாமே "எனக்கு என்னவோ செய்கிறது" என்பது போன்ற ஒன்பது அறிகுறிகளாக அவர் அதைப் பிரித்துக்கொடுத்தார். நம் பாட்டிமார் "முகக்களை போய்விட்டது" என்று ஒரே சொல்லில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

இரண்டாவது எடுத்துக்காட்டு கைசர் பெர்மனென்ட்டே நிறுவனத்தின் வட கலிபோர்னிய மருத்துவமனைகள். அங்கே கணிப்பு மாதிரி ஒவ்வொரு மணி நேரமும் வார்டு நோயாளிகளை அலசி, அடுத்த 12 மணி நேரத்தில் நிலை மோசமாகக் கூடியவர்களைச் சுட்டுகிறது. எச்சரிக்கை நேரே வார்டுச் செவிலியரிடம் போகாது. வேறோர் இடத்தில் அமர்ந்திருக்கும் அனுபவமுள்ள செவிலியர்கள் முதலில் பதிவேட்டைப் படித்து, தேவையற்றதைக் கழித்து, தேவைப்படும்போது மட்டும் அந்த மருத்துவமனையின் அவசரக் குழுவை அழைப்பார்கள். 2020இல் வெளியான மதிப்பீட்டில் 19 மருத்துவமனைகளில் இதன் பயன் தெரிந்தது. 30 நாட்களுக்குள் இறக்கும் அபாயம் சுமார் 16 விழுக்காடு குறைந்திருந்தது. மாதிரி பிரமாதமானது என்பதைவிட, பொய் எச்சரிக்கையின் சுமையை யார் தாங்குவது என்பதை அவர்கள் முன்கூட்டியே யோசித்து, அதற்கென்று சம்பளம் கொடுத்து ஆள் வைத்ததுதான் என் கண்ணில் படுகிறது. நம் ஊரில் மென்பொருளுக்குச் செலவு செய்வார்கள், அந்த ஆளுக்குச் செலவு செய்யமாட்டார்கள்.

ஆனால் அதே நிறுவனத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனைக்கு முன்னால் 2024 ஏப்ரலில் செவிலியர்கள், செயற்கை நுண்ணறிவை நம்பாதீர்கள், செவிலியரை நம்புங்கள் என்ற பொருள்படும் பதாகைகளோடு போராடினார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர்களின் தேசியச் சங்கம் 2,300க்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், நோயாளியின் பாதுகாப்பை முதலில் வைத்துத் தம் நிறுவனம் செயற்கை நுண்ணறிவைப் புகுத்தும் என்ற கூற்றை 60 விழுக்காட்டினர் ஏற்கவில்லை. சங்கம் நடத்திய கணக்கெடுப்பு என்பதால் எண்ணைச் சற்றுத் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளலாம். கேள்வியின் அமைப்பு கவனிக்கத்தக்கது: கருவியை நம்புகிறீர்களா என்று அது கேட்கவில்லை, கொண்டுவருபவரை நம்புகிறீர்களா என்று கேட்டது. அந்த மார்ச்சில்தான் ஹிப்போகிராட்டிக் ஏஐ என்ற நிறுவனம், கணினிச் சில்லு நிறுவனமான என்விடியாவோடு கைகோத்து, மணிக்கு 9 டாலருக்குச் செயற்கைச் செவிலியரை விளம்பரம் செய்திருந்தது. இதைப் படித்துவிட்டு வார்டுக்குப் போகும் ஒருவரிடம், இந்தக் கருவி உங்கள் உதவிக்குத்தான் என்று சொன்னால் அவர் மனத்தில் ஓடுவது என்னவாக இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

டியூக் பல்கலைக்கழக மருத்துவமனை 2018இல் தொடங்கிய செப்சிஸ் கண்காணிப்பு முறையிலிருந்து ஒரு சிறு பாடம் மட்டும். திரையில் எச்சரிக்கையைப் பார்த்த செவிலியர், அவசரப் பிரிவு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. மருத்துவரின் தீர்ப்பில் மூக்கை நுழைப்பதாகத் தோன்றாமல் அதைச் சொல்வதற்கு அந்தச் செவிலியர்கள் தாங்களாகவே வழிகளைக் கண்டுபிடித்தார்கள். எந்த நேரத்தில் அழைப்பது, முதலில் எதைச் சொல்வது, எந்த மருத்துவரிடம் எப்படிப் பேசுவது என்ற நுட்பங்கள் அவை. மருத்துவமனையின் கையேட்டில் இல்லாத இந்த உழைப்பு இல்லாமல் அந்தக் கருவி ஓடியிருக்காது என்று, அதை நேரில் ஆராய்ந்த எலிஷும் வாட்கின்ஸும் 2020இல் எழுதினார்கள். அங்கேயே இப்படி என்றால், உதவிப் பேராசிரியர் ரவுண்ட்ஸ் வரும்போது இரண்டடி பின்னால் நிற்கும் நம் பணிக்கலாசாரத்தில், "மெஷின் செப்சிஸ் என்கிறது டாக்டர்" என்று ஒரு பயிற்சிச் செவிலியர் வாய் திறப்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

தமிழ்நாட்டின் நிலைமைக்கு வருகிறேன். நம் செவிலியர்களுக்கு முதலில் அறிமுகமான கணினி உலகம் செயற்கை நுண்ணறிவல்ல, தரவுப் பதிவு. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்கும் பிக்மி என்ற இணையப் பதிவு முறை 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் அதைத் தோளில் சுமந்து நிறுத்தினார்கள் என்றால் மிகையில்லை. அதன் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் கணினியில் ஏற்றிய பிறகும் ரெஜிஸ்டர் போகவில்லை, ரெஜிஸ்டரில் எழுதிய பிறகும் கணினி விடவில்லை. சிக்னல் கிடைக்காத துணைச் சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து, அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் தரவு ஏற்றிய பெண்கள் இவர்கள். புதிய தொழில்நுட்பம் உங்கள் சுமையைக் குறைக்கும் என்ற வாக்குறுதி அவர்கள் காதுக்குப் புதிதல்ல. உங்கள் வினாத்தாளில் இந்த முந்தைய அனுபவத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும் என்பது என் வலியுறுத்தல்.

ஆள் பற்றாக்குறையும் இதோடு பின்னிக்கிடக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. வார்டில் நின்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்த நெறி எங்கே இருக்கிறது என்று தெரியும். தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியருக்குப் பணி நிரந்தரமே கேள்விக்குறி. அவரிடம் செயற்கை நுண்ணறிவு உங்கள் வேலையைப் பறிக்கும் என்று அஞ்சுகிறீர்களா என்று கேட்டால் வரும் விடையில், கருவியைப் பற்றிய அச்சத்தைவிட ஒப்பந்தத்தைப் பற்றிய அச்சம் அதிகமாக இருக்கும். இரண்டையும் பிரிக்காமல் சராசரி போட்டால், ஒன்றுக்கும் உதவாத ஓர் எண் கிடைக்கும்.

வெளிநாட்டு மாதிரியை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நான் முன்பு பாராட்டிய கன்சர்ன் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். செவிலியர் எப்போது பதிவு செய்தார் என்ற நேரத்தின் மேல்தான் அது நிற்கிறது. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், நோயாளிகள் நிறைந்த நாட்களில் வைட்டல்ஸை உள்ளங்கையிலும் துண்டுச் சீட்டிலும் குறித்துக்கொண்டு, அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைத்து ஓவர் கொடுப்பதற்கு அரை மணி முன்னால் எல்லாக் கேஸ் ஷீட்டையும் மொத்தமாக எழுதுவோம். இது சரியான முறை என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அப்படி எழுதப்பட்ட நேரங்களைப் படித்து ஒரு கணினி எதைக் கற்றுக்கொள்ளும்? மதியம் ஒன்றரை மணிக்கு வார்டில் இருக்கும் எல்லாரைப் பற்றியும் சிஸ்டருக்கு ஒரே நேரத்தில் கவலை வந்துவிட்டது என்றுதான்.

தோலின் நிறமும் இதில் வருகிறது. ஆக்சிமீட்டர் கருந்தோல் உடையவர்களிடம் ஆக்சிஜன் குறைவைக் கண்டுகொள்ளாமல் விடுவது, வெள்ளைத் தோல் உடையவர்களிடம் விடுவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் மிச்சிகனிலிருந்து ஓர் ஆய்வு வந்தது: 11.7 விழுக்காடு, 3.6 விழுக்காடு. அந்த எண்ணை உணவாக வாங்கிக்கொள்ளும் கணிப்பு மாதிரி, அந்தப் பிழையையும் சேர்த்தே விழுங்கும். படுக்கைப் புண் தொடங்கும்போது தோல் சிவக்கும் என்று பாடத்தில் படித்துவிட்டு, நம் நோயாளிகளின் முதுகில் அந்தச் சிவப்பைத் தேடிக் காணாமல், தொட்டுப் பார்த்துச் சூட்டையும் இறுக்கத்தையும் கொண்டு கண்டுபிடிக்கக் கற்றவர்கள் நாம். கேமராவில் படம் எடுத்துப் புண்ணைத் தரம் பிரிக்கும் செயலி எந்த நிறத் தோலைப் பார்த்துக் கற்றது என்று ஒரு செவிலியர் கேட்டால், அது தயக்கத்தின் அடையாளமாகக் குறைத்து மதிப்பெண் பெறக்கூடாது. நான் என்றால் அதற்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பொறுப்பு யாருக்கு என்பதே எல்லாவற்றிலும் கனமானது. எச்சரிக்கையைப் பின்பற்றி அது தவறாகிப் போனால், "நீங்கள் படித்தவர்தானே, சொந்தமாக யோசிக்க வேண்டாமா" என்பார்கள். பின்பற்றாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால், "கருவி சொல்லியும் கேட்கவில்லையே" என்பார்கள். இரண்டாவதற்கு நேரத்தோடு கூடிய பதிவும் சாட்சியாக நிற்கும். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான அறநெறி வழிகாட்டியை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023இல் வெளியிட்டது. மனிதரின் மேற்பார்வை இருக்க வேண்டும், பொறுப்பு வரையறுக்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. நல்லது. ஆனால் மேற்பார்வையிடும் அந்த மனிதர் நடைமுறையில் பெரும்பாலும் படுக்கையருகே நிற்கும் செவிலியராகத்தான் இருக்கப்போகிறார். அவருக்குக் கருவியை மறுக்க எழுத்துபூர்வமான உரிமை இருக்கிறதா, மறுத்த காரணத்தை எழுதினால் அதை யாராவது படிக்கிறார்களா என்பது ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே விடை சொல்ல வேண்டியது.

பயிற்சி உதவாது என்று இவற்றுக்குப் பொருள் இல்லை. இந்தியச் செவிலியர் மன்றம் 2021இல் திருத்திய இளநிலைப் பாடத்திட்டத்தில் சுகாதாரத் தகவலியல் ஒரு பாடமாகவே சேர்ந்திருக்கிறது, அது வரவேற்கத்தக்கது. எச்சரிக்கை எழுந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும் என்ற கணக்கை ஒரு மாணவி கற்றுக்கொண்டால், கருவியைக் கண்மூடி நம்புவதும் குறையும், காரணமில்லாமல் ஒதுக்குவதும் குறையும். புதிதாகப் பணிக்கு வருபவர்களைப் பற்றி எனக்கு எதிர்த்திசையில் ஒரு கவலையும் உண்டு. மூத்தவர்கள் ஏற்கத் தயங்குவதைவிட, இளையவர்கள் கேள்வியில்லாமல் ஏற்பது ஆபத்தாகலாம். நோயாளியின் முகத்தைப் பார்த்து நிலைமையைக் கணிக்கும் கண் பல ஆண்டுகளில் உருவாவது. அது உருவாகும் முன்பே திரையைப் பார்த்துப் பழகிவிட்டால், கன்சர்ன் போன்ற முறைகள் படிப்பதற்கு அந்தக் கவலையே மிஞ்சாது.

உங்கள் ஆய்வுக்கு நான் பரிந்துரைப்பது இவ்வளவுதான். பொதுவாகச் செயற்கை நுண்ணறிவு என்று கேட்பதை விட்டுவிட்டு, உங்கள் மருத்துவமனையில் இருக்கும் அந்த ஒரு கருவியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வினாத்தாளோடு நிறுத்தாமல், ஏழு இரவுப் பணிகளில் வார்டில் உட்கார்ந்து, எத்தனை எச்சரிக்கை எழுந்தது, எத்தனை அடக்கப்பட்டது, அடக்கப்பட்டவற்றில் எத்தனை பின்னர் உண்மையாயின என்று எண்ணுங்கள். அந்த மூன்றாவது எண் சிறியதாக இருந்தால் உங்கள் ஆய்வின் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும், வழிகாட்டியிடம் அதை இப்போதே சொல்லி வையுங்கள். அடக்கியவரிடம் மறுநாள் அமர்ந்து, அந்த நேரத்தில் எத்தனை நோயாளிகள் உங்கள் கையில் இருந்தார்கள், இதற்கு முன் இந்தக் கருவி எப்போதாவது உங்களுக்குக் கைகொடுத்ததா என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். வினாத்தாளைச் செவிலியக் கண்காணிப்பாளர் வழியாக விநியோகிக்க வேண்டாம். அப்படிக் கொடுத்தால் எல்லாரும் தயார் என்றுதான் எழுதுவார்கள். நிரப்பிய தாள்களைப் போடும் பெட்டியையும் அவர் அறைக்கு வெளியே வைக்காமல், செவிலியர் உடை மாற்றும் அறையில், பெயரோ பணி எண்ணோ எழுத வேண்டாம் என்ற குறிப்போடு வையுங்கள்.